பூதம் பதிப்பித்த அத்தான்

என் அக்காவின் கணவர் என்ன தொழில் செய்கிறார் என்று யாராவது கேட்டால் நான் பேச்சை மாற்றிவிடுவேன். "அத்தான் பதிப்பகம் வைத்திருக்கிறார்" என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். உடனே, "பாடப் புத்தகமா, சமையல் புத்தகமா?" என்பார்கள். இரண்டும் இல்லை, கதையாட்டப் புத்தகம் என்றால் எதிரில் இருப்பவரின் முகம் துடைத்துவிட்டது போல் ஆகிவிடும். பிறகு நான் உட்கார்ந்து விளக்க வேண்டும். நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதை சொல்லிக்கொண்டே போவார். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேடம். திருடன், மந்திரவாதி, கோழை, எதுவாகவும் இருக்கலாம். "நான் அந்தக் கதவைத் திறக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால், கதவு திறந்ததா அல்லது கை மாட்டிக்கொண்டதா என்பதைப் பகடை உருட்டித் தீர்மானிப்பார்கள். எந்த எண் விழுந்தால் என்ன நடக்கும் என்ற விதிகள் அடங்கிய புத்தகத்தைத்தான் அத்தான் எழுதி, அச்சடித்து, விற்கிறார். சரியாகச் சொன்னால், விற்கப் பார்க்கிறார். இத்தனையையும் பொறுமையாகக் கேட்ட முடிவெட்டுகிறவர் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பெரியவங்களா இதை விளையாடுறாங்க?" அவர் கத்தி என் கழுத்தில் இருந்ததால் நான் பதில் சொல்லவில்லை.

அத்தான் பிறக்கும்போதே இப்படி இல்லை. வாஷிங் மெஷின் கம்பெனி ஒன்றில் கையேடு எழுதும் வேலையில் இருந்தார். புது மெஷின் வாங்கினால் கூடவே ஒரு சின்னப் புத்தகம் வருமே, அதுதான். எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும், எந்தக் குழாயை எங்கே செருக வேண்டும், ஈரக் கையால் எதைத் தொடக் கூடாது என்று வருடக்கணக்கில் எழுதினார். ஒரு வரியை நாலு விதமாக எழுதிப் பார்த்து நல்லதைத் தேர்ந்தெடுப்பார். ஆனால் உலகத்தில் ஒரு ஜீவன் அதைப் படிக்க வேண்டாமா? பெட்டியைப் பிரித்ததும் ஜனங்கள் முதலில் தூக்கிப் போடுவது அத்தானின் எழுத்தைத்தான். எங்கள் வீட்டு மெஷினுக்கு ஒரு கால் குட்டை. அது ஆடாமல் இருக்க அவருடைய கையேடு ஒன்றை மடித்து அடியில் வைத்திருந்தார்கள். வைத்தவள் என் அக்கா.

அதைப் பார்த்த அன்றைக்குத்தான் அவர் மனது விட்டுப்போயிருக்க வேண்டும். விதி எழுதுவதை விட்டால் வேறு எதுவும் தெரியாது, ஆனால் ஜனங்கள் படித்துவிட்டுச் சண்டை போட்டுக்கொள்ளும்படி விதி எழுத வேண்டும் என்று முடிவு செய்து வேலையை விட்டார். கார் இல்லாத எங்கள் கார் ஷெட்டில் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு மின்விசிறி போட்டுப் பதிப்பகம் என்றார். நான் அப்போது வேலை தேடுகிறேன் என்ற பெயரில் வீட்டில் சும்மா இருந்தேன். என்னைப் பிடித்து உள்ளே போட்டுக்கொண்டார். பக்கம் அமைப்பது, படம் வரைகிறவரிடம் கெஞ்சுவது, பார்சல் கட்டுவது எல்லாம் நான்.

முதல் ஆட்டத்தில் எல்லோரும் கலங்கரை விளக்கக் காவலர்கள். நாலு பேர் உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கப்பல் வருவதற்கு இருபது முகப் பகடையில் இருபது விழ வேண்டும். விழவே விழாது. இரண்டாவது ஆட்டத்தில் எல்லோரும் எறும்புகள். எறும்பு தன்னிச்சையாக எதையும் முடிவு செய்யாது என்பதில் அத்தான் ஒற்றைக் காலில் நின்றார். ஆகவே ஆடுகிறவர்கள் யாரும் எதையும் செய்ய முடியவில்லை. வேண்டாம் அத்தான் என்று கரடியாகக் கத்தினேன். "இயற்கையை மாத்த முடியாதுடா" என்றார். அந்த இரண்டு புத்தகங்களின் கட்டுகளும் இன்றைக்கும் ஷெட்டில் இருக்கின்றன. அவற்றின் மேல் உட்கார்ந்துதான் நான் சாவகாசமாக டீ குடிப்பேன்.

அக்கா மூக்குக் கண்ணாடிக் கடை ஒன்றில் வேலை பார்க்கிறாள். வருகிறவர்களுக்குச் சட்டம் பொருத்திப் பார்த்து, "இது உங்க முகத்துக்கு எடுக்கலை" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். அதே வாயால் அத்தானிடமும் சொன்னாள். "என்னங்க, இன்னும் ஒண்ணு போடுங்க. அதுதான் கடைசி. அதுவும் படுத்துடுச்சுன்னா பழைய வேலைக்குப் போயிடணும். உங்க மேனேஜர் இந்த வருஷக் கடைசி வரைக்கும் இடத்தைக் காலியா வச்சிருக்கேன்னு சொல்லியிருக்கார்." அத்தான் தலையை ஆட்டினார். கம்பெனியில் புது மாடல் ஒன்று வரப்போகிறதாம். அதற்குக் கையேடு வேண்டுமாம்.

அப்படிப் பிறந்த மூன்றாவது ஆட்டம்தான் 'பூதம் தூங்குது'. பெரிய மாளிகை, உள்ளே ஒரு பூதம் குறட்டை விட்டுத் தூங்குகிறது, நீங்களெல்லாம் திருடர்கள். ஓர் அறைக் கதவைத் திறந்தால் அடுத்த அறை. அது என்ன அறை என்பதைப் பகடை சொல்லும். ஒற்றைச் செருப்புகள் மட்டும் குவிந்த அறை உண்டு. உங்களுக்கு முன்னால் வந்த திருடர்கள் வழி தெரியாமல் குடும்பம் நடத்தும் அறை உண்டு. பூதத்தின் அம்மா உட்கார்ந்து, "வந்தீங்களா, என் பிள்ளை சரியா தூங்குறானா?" என்று கேட்கும் அறைகூட உண்டு. மனதாரச் சொல்கிறேன், அபாரமான ஆட்டம். பக்கம் அமைக்கும்போது சிரித்துச் சிரித்து நான் இரண்டு பக்கங்களைத் தலைகீழாக வைத்துவிட்டேன்.

அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொரு விடுமுறை நாளும் எங்கள் சாப்பாட்டு மேசையில் ஆடிப் பார்த்தோம். அத்தான் கதை சொல்லுவார். நான், என் அம்மா, மாடியில் குடியிருக்கும் பல் டாக்டர் மூவரும் திருடர்கள். என் அம்மாவை நாங்கள் சாதுவென்று நினைத்திருந்தோம். பகடை கைக்கு வந்ததும் தெரிந்தது. "மாப்பிள்ளை, டாக்டர் அந்தப் பக்கம் திரும்பியிருக்காரில்ல, அவர் பையில இருக்கிறதை நான் எடுத்துக்கிறேன்" என்பாள். "அத்தை, அவர் உங்க கூட்டாளி" என்பார் அத்தான். "அதனாலதான் சுலபமா எடுக்கலாம்" என்பாள். டாக்டருக்குத் திருட்டே வராது. பூதத்தின் அறைக்குள் போனதும், "வாய் திறந்திருக்கா? கடைவாய்ப் பல்லை மட்டும் கொஞ்சம் பாத்துட்டு வந்துடறேன்" என்று கெஞ்சுவார். அக்கா மட்டும் ஆட்டத்துக்கு வரவே மாட்டாள். அடுப்படியில் பாத்திரத்தை உருட்டும் சத்தத்திலேயே அவள் அபிப்பிராயம் தெரிந்துவிடும்.

எல்லாம் சரி, புத்தகத்தை யார் வாங்குவது? பலகை, சீட்டு, பொம்மை என்று விளையாட்டுச் சாமான்களாகவே விற்கும் பெரிய கடை ஒன்று இருந்தது. பல ஊர்களில் கிளை. அதன் முதலாளியம்மா ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டால் பதிப்பகம் பிழைத்தது. வேண்டாம் என்றால் அத்தான் மறுபடி குழாய் செருகப் போக வேண்டியதுதான். அந்தம்மாவிடம் ஒரு வழக்கம். எந்த ஆட்டத்தையும் படித்துப் பார்க்க மாட்டார். கடை விடுமுறையன்று ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, தன் ஆட்களோடு உட்கார்ந்து ஆடிப் பார்ப்பார். எழுதியவர் அதே அறையில் இருக்கலாம், வாயைத் திறக்கக் கூடாது.

"வாங்குறவங்க வீட்டுக்கெல்லாம் நீங்க கூடவே போய் விளக்குவீங்களா? மாட்டீங்கல்ல? அப்ப புத்தகம் பேசட்டும்" என்றார். நியாயமான பேச்சுதான். அச்சுக்குப் போகாத மாதிரிப் பிரதியை வாங்கிக்கொண்டு எங்கள் இருவரையும் ஓர் ஓரத்தில், காற்றடைத்த பொம்மைகளுக்கு நடுவில் உட்கார வைத்தார்கள்.

மேசையில் நாலு பேர். முதலாளியம்மா, கணக்கு எழுதுகிற ஒரு மெலிந்த மனிதர், பில் போடும் பெண், சரக்கு வண்டி ஓட்டுகிறவர். வண்டிக்காரருக்குக் குரல் பெரியது என்பதால் கதை சொல்லும் பொறுப்பை அவரிடம் கொடுத்தார்கள். முதலில் எழுத்துக் கூட்டிப் படிப்பவர் போலத் தயங்கித் தயங்கித்தான் ஆரம்பித்தார். மூன்றாவது அறைக்குள் போவதற்குள் மனிதர் எழுந்து நின்று பூதத்தின் குறட்டையை விட ஆரம்பித்துவிட்டார். நானே பயந்துபோனேன். அதுவரை தலை நிமிராத கணக்கர், ஒற்றைச் செருப்பு அறையில் தன் அளவுக்கு ஒரு ஜோடி தேடியே தீருவேன் என்று அடம்பிடித்தார். பில் போடும் பெண் பூதத்தின் அம்மாவிடம் போய், "உங்க பையனுக்கு எங்க வீட்டுல பொண்ணு பாத்திருக்கோம்" என்று ஒரே போடாகப் போட்டாள். முதலாளியம்மா போகிற அறையிலெல்லாம் கதவுக் கைப்பிடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டே போனார். ஊற்றி வைத்த டீயை யாரும் தொடவில்லை.

அத்தான் என் முழங்காலைக் கிள்ளினார். அவர் கண் கலங்கியிருந்தது. நாலு பேர், முன்பின் தெரியாதவர்கள், அவர் எழுதிய வரியை ஒருவருக்கொருவர் உரக்கப் படித்துக் காட்டி, "இங்க போட்டிருக்கு பாருங்க" என்று விரலை வைத்துச் சண்டை போட்டார்கள். இந்த மனிதருக்காகவா முடிவெட்டும் இடத்தில் வெட்கப்பட்டேன் என்று என் மேலேயே கோபம் வந்தது.

சாப்பாட்டு வேளை வந்தது. போனது. வெயில் ஷட்டர் இடுக்கை விட்டு இறங்கியது. இன்னும் அறை மேல் அறையாகத் திறந்துகொண்டே இருந்தார்கள். கணக்கர் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தார்.

"இது எங்க முடியுது?" என்றார்.

"பின்னால இருக்கும், பாருங்க" என்றார் முதலாளியம்மா.

கணக்கர் பின்னால் பார்த்தார். முன்னால் பார்த்தார். பொருளடக்கத்தில் விரலை ஓட்டினார். "செருப்பு இருக்கு, குறட்டை இருக்கு, பூதத்துக்கு ஜலதோஷம் பிடிச்சா என்ன செய்யணும்னு தனியாவே ஒரு பக்கம் இருக்கு. ஆனா வெளிய வர வழி இல்லையே."

அந்தப் புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் அமைத்தவன் நான். 'முடிவு' என்று ஒரு தலைப்பை அமைத்த ஞாபகமே எனக்கு இல்லை. அத்தானைப் பார்த்தேன். அவர் பேயறைந்தவர் போல உட்கார்ந்திருந்தார். அவரைக் கையைப் பிடித்துப் பின்கட்டுக்கு இழுத்துப் போனேன். அங்கே அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் குசுகுசுவென்று ஒரு விசாரணை.

"முடிவு எங்க அத்தான்?"

"எழுதியிருப்பேனேடா."

"எழுதலை."

"எழுதாம நம்ம வீட்டுல எப்படி முடிஞ்சுது? ஒவ்வொரு தடவையும் நல்லாத்தானே முடிஞ்சுது?"

முடிந்தது நிஜம். எப்படி முடிந்தது என்பதுதான் இருவருக்கும் நினைவுக்கு வரவில்லை. அக்காவுக்குப் போன் போட்டேன். அத்தான் பிடுங்கிக்கொண்டு கேட்டார்: "ஏம்மா, நம்ம வீட்டுல பூதம் ஆட்டம் எப்படி முடியும்?"

"இது என்ன கேள்வி? நான் சாப்பிடக் கூப்பிடுவேன், எந்திரிச்சு வருவீங்க. அவ்வளவுதான்."

அத்தான் ஒரு பெட்டியின் மேல் மெதுவாக உட்கார்ந்தார். எத்தனை விடுமுறை நாள், எத்தனை ஆட்டம்! பூதம் புரண்டு படுக்கும், என் அம்மா யார் பையிலோ கை விடுவாள், அக்கா அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பாள், நாங்கள் எழுந்து கை கழுவப் போவோம். இதை ஆட்டத்தின் விதி என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நானாவது போகட்டும், விதி எழுதுவதே பிழைப்பாக இருந்தவருக்கு எப்படித் தப்பியது என்று யோசித்தேன். அப்புறம் புரிந்தது. வாஷிங் மெஷின் தானாகவே நின்றுவிடும். எப்படி நிறுத்துவது என்று எழுதிய பழக்கமே அவருக்கு இல்லை.

நாங்கள் திரும்பி வந்தபோது மேசையில் நிலைமை மோசமாகியிருந்தது. பில் போடும் பெண் வீட்டுக்குப் போக வேண்டும் என்று முனகினாள். கணக்கர், பூதத்தின் அம்மாவிடமே வெளியே போகும் வழியைக் கேட்டுப் பார்த்தார். பகடையில் ஒன்று விழுந்தது. அம்மா அவரை மறுபடியும் செருப்பு அறைக்கே அனுப்பிவிட்டாள். முதலாளியம்மா ஒரு பிடிவாதக்காரி. "ஆரம்பிச்சதை முடிக்காம நான் எந்திரிச்சதே இல்லை. அடுத்த ரூமைத் திற" என்றார். இன்னும் ஓர் அறை, இன்னும் ஓர் அறை. வண்டிக்காரருக்குத் தொண்டை கட்டிக்கொண்டு பூதம் கிசுகிசுவென்று குறட்டை விட்டது. கடைசியில் முதலாளியம்மாவே புத்தகத்தை மூடிவிட்டார். எழுந்திருக்கவில்லை.

"ஆட்டம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இதை வாங்கிட்டுப் போறவங்க வேலைக்குப் போக மாட்டாங்க, தூங்க மாட்டாங்க. நாளைக்கு என் கடை வாசல்ல வந்து நிப்பாங்க. எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார்.

பேசக் கூடாது என்ற வழக்கத்தை மதித்து அத்தான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. புத்தகத்தை இரண்டு கையாலும் எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார். வருஷக் கடைசிக்கு அதிக நாள் இல்லை. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. பேசக் கூடாது என்பது எழுதியவருக்குத்தானே, பக்கம் அமைத்தவனுக்கு இல்லையே! அத்தானின் சட்டைப் பையிலிருந்து என் போனை எடுத்து மறுபடி அக்காவை அழைத்தேன். எடுத்ததுமே அவள், "ஹலோ, ஹலோ, எங்க தொலைஞ்சீங்க" என்று கத்தினாள். ஸ்பீக்கரைப் போட்டு மேசை நடுவில் வைத்தேன்.

"அக்கா, கூப்பிடு."

"யாரை?"

"எல்லாரையும்."

மதியச் சாப்பாட்டைச் செய்து வைத்துவிட்டு எங்களுக்காகப் பட்டினி கிடந்தவள் அவள். தூண்டிவிட வேண்டிய அவசியமே இல்லை. "இன்னும் என்ன ஆட்டம் வேண்டிக்கிடக்கு? எந்திரிங்க எல்லாரும்! கையைக் கழுவிட்டு வந்து உட்காருங்க! ஆறிப்போச்சு, இன்னொரு தடவை நான் சூடு பண்ண மாட்டேன், சொல்லிட்டேன்!"

நாலு பேரும் எழுந்துவிட்டார்கள். வண்டிக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். கணக்கர் கை கழுவும் இடத்தை நோக்கி இரண்டடி வைத்த பிறகுதான் இது கடை என்று அவருக்கு உறைத்தது. பில் போடும் பெண், "இதோ வந்துட்டேன்மா" என்றே சொல்லிவிட்டாள். முதலாளியம்மா நாற்காலியிலிருந்து பாதி எழுந்த நிலையில், ஒரு கையை மேசையில் ஊன்றியபடி நின்றிருந்தார்.

"யாரு அது?" என்றார்.

"என் வீட்டுக்காரிங்க" என்றார் அத்தான், அசடு வழிய.

முதலாளியம்மா திரும்ப உட்கார்ந்தார். "என்னை யாராவது இப்படிக் கூப்பிட்டு எத்தனையோ வருஷமாச்சு" என்றார். எங்களிடம் சொன்ன மாதிரி இல்லை. பிறகு சட்டென்று பழைய குரலுக்கு வந்து, "இதைக் கடைசிப் பக்கத்துல போடுங்க. நான் எடுத்துக்கிறேன்" என்றார்.

"கூப்பிட ஆளே இல்லாதவங்க என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டாள் பில் போடும் பெண்.

"அவங்களுக்கு எங்க நம்பரைப் போட்டுடறேன்" என்றார் அத்தான். வந்த வாய்ப்பு கை நழுவிவிடக் கூடாதென்ற அவசரத்தில் அவர் அன்றைக்கு எதைக் கேட்டாலும் போட்டிருப்பார்.

அப்படியே அச்சாகியும் விட்டது. கையேட்டுப் பாணியில், எச்சரிக்கை முக்கோணத்தோடு: 'ஆடாத ஒருவர் சாப்பிடக் கூப்பிட்டதும் ஆட்டம் முடியும். கடைசியாக எழுந்து வருபவர் தான் திருடியதையெல்லாம் பூதத்திடமே விட்டுவிட வேண்டும். கூப்பிட ஆளில்லாதவர்கள் கீழ்க்கண்ட எண்ணை அழைக்கவும்.' அந்த எண் அக்காவுடையது. இந்தச் சின்ன விஷயத்தை மட்டும் அத்தான் அவளிடம் சொல்லவில்லை. முதல் அழைப்பு வந்தபோது அவள் கடையில் ஒருவரின் காதில் கண்ணாடியை மாட்டிக்கொண்டிருந்தாள். "அக்கா, நாங்க அஞ்சு பேரு பூதத்து வீட்டுல மாட்டிக்கிட்டோம், கொஞ்சம் கூப்பிடுங்க" என்றது ஒரு குரல். ராங் நம்பர் என்று வைத்துவிட்டாள். அடுத்ததும் அதே மாதிரி வந்தது. அன்றைக்கு அத்தான் வீட்டுக்குள் வரவே இல்லை, ஷெட்டில் எறும்புப் புத்தகக் கட்டுகளுக்குப் பின்னால் இருந்தார். அவள் அங்கேயே போய், "உங்க பூதத்தை நீங்களே கட்டி மேய்ங்க. என் தலையில ஏன் கட்டுறீங்க?" என்று வாங்கு வாங்கென்று வாங்கினாள்.

ஆனால் புத்தகம் விற்றது. நிஜமாகவே விற்றது. கம்பெனி நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்தார்கள். அக்காவின் போனும் ஓயவில்லை. முதலில் திட்டுவாள்: "உங்களுக்கெல்லாம் வேற வேலை இல்லையா?" அப்புறம், "என்ன சமைச்சிருக்கீங்க?" என்பாள். பெரும்பாலும் எதிர்முனையில் ஒன்றும் சமைத்திருக்க மாட்டார்கள். "பிஸ்கட்டா? பிஸ்கட்டுக்கெல்லாம் நான் கூப்பிட மாட்டேன். போய் அடுப்பைப் பத்த வைங்க முதல்ல, வெந்ததும் போன் பண்ணுங்க" என்பாள். முன்பின் தெரியாத எத்தனையோ பேர் அவளுக்குப் பயந்து சமைக்கக் கற்றுக்கொண்டார்கள். இது எந்த விதியிலும் இல்லை.

ஒரு விடுமுறை நாள். நாலாவது புத்தகத்துக்கான ஆட்டம் எங்கள் மேசையில் நடந்துகொண்டிருந்தது. அக்காவின் போன் அடித்தது. ஈரக் கையோடு ஸ்பீக்கரைப் போட்டு, வழக்கம் போல், "எத்தனை பேரு? எந்த ரூம்ல இருக்கீங்க?" என்றாள்.

எதிர்முனையில் ஒரு பெண் குரல்: "ஆட்டமெல்லாம் இல்லைம்மா. நான் விளையாட்டுச் சாமான் கடைக்காரி பேசறேன். தனியாத்தான் இருக்கேன். சும்மா ஒரு தடவை கூப்பிடறியா?"

டாக்டரிடமிருந்து எதையோ திருட உருட்டவிருந்த பகடை அம்மாவின் கையிலேயே நின்றது. அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா கையைப் புடவையில் துடைத்தாள், துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"போன்லெல்லாம் கூப்பிட மாட்டேன்" என்றாள், கொஞ்சம் முரட்டுத்தனமாகவே. "விலாசம் சொல்றேன், எழுதிக்கங்க. உடனே கிளம்பி வாங்க. ஆறிடும்."

அந்தம்மா வந்து சேரும்வரை எங்களில் ஒருவரையும் அவள் தட்டைத் தொட விடவில்லை.